மாறனா, மாரனா? ஒரு பெயரின் வேரும் வழக்கும்

கேள்வி: எங்களுக்கு அண்மையில் ஆண் குழந்தை பிறந்தது. நானும் என் கணவரும் 'மாறன்' என்று பெயரிட விரும்புகிறோம். கணவரின் சித்தப்பாவோ, அது புத்தரின் தவத்தைக் கலைக்க வந்தவனின் பெயர், மன்மதனுக்கும் அதுவே பெயர், பிள்ளைக்கு வைக்கத் தகாது என்கிறார். 'மாறன்' என்று வைத்தால் சொன்ன சொல்லில் நில்லாமல் மாறிக்கொண்டே இருப்பான் என்று என் மாமியார் அஞ்சுகிறார். கைப்பேசியில் தேடினால் ஒரு பட்டியல் 'வீரன்' என்கிறது, இன்னொரு பட்டியல் 'காதற்கடவுள்' என்கிறது. நாங்கள் சைவக் குடும்பத்தார். இது வைணவர் பெயர் என்று சொல்வோரும் உண்டு. இச்சொல்லின் பொருள்தான் என்ன? பெயரை எப்படி எழுதுவது? (ஒரு வாசகி)

பதில்: அன்புச் சகோதரிக்கு, பிள்ளைக்கு என் வாழ்த்துகள். உங்கள் கடிதத்தில் இரண்டு சொற்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். உங்கள் கணவரின் சித்தப்பா சொல்வது பொய்யன்று. ஆனால் அவர் சொல்வது நீங்கள் தேர்ந்தெடுத்த பெயரைப் பற்றியதன்று. புத்தரைச் சோதித்தவனும் மன்மதனும் 'மாரன்'. அங்கே வருவது இடையின ரகரம். நீங்கள் வைக்க விரும்பும் பெயர் 'மாறன்'. இங்கே வருவது வல்லின றகரம். இவ்விரண்டும் பிறப்பாலும் வரலாற்றாலும் தொடர்பில்லாத சொற்கள்.

மாரன் வடசொல். இறத்தலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து 'சாகச் செய்பவன்' என்னும் பொருளில் அது பிறந்தது. நாம் நாள்தோறும் வழங்கும் 'மரணம்' என்பதும் அதே வேரின் கிளைதான். போதி மரத்தடியில் அமர்ந்திருந்த புத்தரைத் தன் படையாலும் மகளிராலும் கலைக்க முயன்றவனைப் பௌத்தர்கள் அப்பெயரால் அழைத்தனர். ஆசையைத் தூண்டி அறிவைக் கெடுப்பவன் என்ற முறையில் காமனுக்கும் அப்பெயர் சென்று சேர்ந்தது. தமிழில் இச்சொல் பழமையாகவே வந்து சேர்ந்துவிட்டது. மணிபல்லவத்தீவில் அமுதசுரபியைப் பெற்ற மணிமேகலை புத்தரின் திருவடியைப் போற்றுமிடத்தில் "மாரனை வெல்லும் வீர நின்னடி" என்று பாடுகிறாள். அங்கே மாரன் வெல்லப்படுபவன். பிற்காலச் சிற்றிலக்கியங்களில் கரும்பு வில்லும் மலரம்பும் ஏந்தி வருகிற மாரனும் மாரவேளும் இவனே. அவற்றின் நல்ல பதிப்பு எதை எடுத்துப் பார்த்தாலும் இந்த மாரனுக்கு இடையின ரகரமே இருக்கும்.

இவ்வளவு தெளிவான வேறுபாடு பேச்சில் ஏன் மறைந்தது என்று நீங்கள் கேட்கலாம். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் இரண்டு உயிர்களுக்கு இடையே வரும் ரகரமும் றகரமும் இன்று ஒரே ஒலியாகிவிட்டன. கரியும் கறியும், அரையும் அறையும், பொரியும் பொறியும் காதுக்கு ஒன்றுபோல் கேட்கின்றன. எழுத்தைப் பார்த்தால்தான் வேறுபாடு புலப்படும். குமரி மாவட்டத்துப் பெரியவர்கள் பேசுவதையோ மலையாளம் பேசுவோரையோ உற்றுக் கேட்டால், றகரம் அழுத்தமாகத் தனித்து ஒலிப்பதை உணரலாம். இலக்கணத்திலும் இவ்விரண்டும் ஒன்றல்ல. றகரம் வல்லினம் ஆதலால் இரட்டித்து 'ற்ற' ஆகும். 'மாறு' என்பதிலிருந்து மாற்று, மாற்றம், மாற்றான் என்றெல்லாம் சொற்கள் விளைவது அதனால்தான். ரகரம் ஒருபோதும் இரட்டிக்காது. இந்த ஒலிக்கலப்பு எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது. சுகுமாரன் என்பது 'மென்மையான இளமையுடையவன்' என்னும் பொருள்தரும் வடமொழிப் பெயர். அதிலுள்ளது குமாரனேயன்றி மாறன் இல்லை. ஆயினும் திருமண அழைப்பிதழ்களில் 'சுகுமாறன்' என்று அச்சாகி வருவதை அடிக்கடி காண்கிறேன். மாறனை மாரனாக்கும் கையே குமாரனைக் குமாறனாக்குகிறது.

இனி உங்கள் பெயருக்கு வருவோம். மாறன் என்பது பாண்டியர் குடிப்பெயர்களுள் ஒன்று. செழியன், வழுதி, பஞ்சவன், தென்னவன் என்று பாண்டியரைக் குறித்த பெயர்களின் வரிசையில் இதற்கு முன்னிடம் உண்டு. இலவந்திகைப்பள்ளியில் துஞ்சிய நன்மாறன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன், கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதி என மூவரைப் புறநானூறு காட்டுகிறது. ஒரே பெயர் மீண்டும் மீண்டும் வந்ததால், அவர்கள் இறந்த இடத்தை அடையாகச் சேர்த்து ஒருவரிலிருந்து ஒருவரை வேறுபடுத்த வேண்டியிருந்தது; அவ்வளவு பரவலாக அக்குடியில் இப்பெயர் வழங்கியிருக்கிறது. நற்றிணையைத் தொகுப்பித்தவன் பெயரும் பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி என்றே கூறப்படுகிறது. புலவர்கள் இவ்வரசர்களை நேரே பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பது நமக்குக் கிடைத்த பேறு. மதுரை மருதன் இளநாகனார், பிறை சூடிய இறைவனின் நெற்றிக்கண்போல மற்ற வேந்தரினும் மேம்பட்டவனே என்ற கருத்தில் "வேந்து மேம்பட்ட பூந்தார் மாற" என்று நன்மாறனை விளிக்கிறார். அதே அரசனை நக்கீரர் "ஓங்குவாள் மாற" என்கிறார். நீங்கள் நாளை உங்கள் பிள்ளையைக் கூப்பிடப்போகிற அதே விளி, ஈற்றிலுள்ள குறில் மட்டும் நீண்டு 'மாறா' என்று ஒலிக்கும்.

சங்க காலத்துக்குப் பின்னும் இப்பெயர் மறையவில்லை. களப்பிரருக்குப் பின் பாண்டிய அரசை மீட்ட கடுங்கோனின் வழிவந்த பாண்டியர், மாறன் என்றும் சடையன் என்றும் ஒருவர் விட்டு ஒருவர் பட்டப்பெயர் பூண்டனர். சோழரிடம் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்கள் மாறி மாறி வந்ததைப்போல. மாறஞ்சடையன் என்றால் மாறனின் மகன் சடையன். சடையமாறன் என்றால் சடையனின் மகன் மாறன். பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன் ஆகிறான் என்ற நம் பழைய வழக்கத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சோழரை வீழ்த்திப் பாண்டிய அரசை நிமிர்த்திய சுந்தரபாண்டியன் 1216இல் முடிசூடியபோது மாறவர்மன் என்னும் பட்டம் பூண்டான். 1268இல் அரியணையேறிய குலசேகரனும் மாறவர்மனே. இவர்கள் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் 'கோமாறபன்மர்' என்று தொடங்கும்; வர்மன் என்பது தமிழ் வாயில் பன்மன் ஆனதன் விளைவு அது.

இப்பெயர் அரசரோடு நின்றுவிடவில்லை என்பதற்கு ஒரு கல்வெட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மதுரையை அடுத்த ஆனைமலையில் நரசிங்கப் பெருமாளுக்குக் குடைந்த கோயில் ஒன்று உண்டு. அங்குள்ள, கி.பி. 770ஆம் ஆண்டுக்குரிய, வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் அமைந்த கல்வெட்டு, பாண்டிய மன்னன் கோமாறஞ்சடையனுக்கு உத்தரமந்திரியாக, அதாவது தலைமை அமைச்சனாக, இருந்த களக்குடியைச் சேர்ந்த மாறங்காரி என்பவன் அக்கற்றளியைச் செய்துவிட்டு, நீர்தெளித்துக் குடமுழுக்குச் செய்வதற்கு முன்பே இறந்துபோனான் என்றும், அவனுக்குப் பின் அதே பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து நீர்தெளித்தான் என்றும் கூறுகிறது. அண்ணன் காரி, தம்பி எயினன்; இருவர் பெயருக்கும் முன்னால் 'மாறன்' நிற்கிறது. அதைத் தந்தையின் பெயராகக் கொள்வதே பொருந்தும். அண்ணன் தொடங்கிவைத்த பணியைத் தம்பி முடித்த செய்தியைச் சொல்லவந்த கல்லில், அவ்விருவரையும் பெற்றவனின் பெயரும் இப்படி நின்றுவிட்டது. பாண்டிய நாட்டு வட்டெழுத்தில் ரகரத்துக்கும் றகரத்துக்கும் வெவ்வேறு வடிவங்கள் உண்டு என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிறகு மாறன் எப்படி மாரனோடு இழைந்தான்? பேச்சொலியின் கலப்பு ஒரு காரணம். மற்றொரு காரணம் வடமொழியின் எழுத்துமுறை. வல்லின றகரம் வடமொழியில் இல்லை. எனவே செப்பேடுகளின் வடமொழிப் பகுதிகளில் இப்பெயரை, வடமொழியை எழுதத் தமிழ்நாட்டில் வழங்கிய கிரந்த எழுத்தில் எழுதியவர்கள் ரகரத்தையே இட்டு 'மாரவர்மன்' என்று எழுத வேண்டியதாயிற்று. இதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. சடையன் என்பதை அவர்கள் ஜடிலன், ஜடாவர்மன் என்று பொருள் விளங்கப் பெயர்த்தார்கள். மாறனையோ பொருள் பெயர்க்காமல் ஒலியளவில் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அக்காலத்தவருக்கே அது பொருள் தேடும் சொல்லாக அல்லாமல் குடிப்பெயராகவே பட்டது என்று இதிலிருந்து நான் கருதுகிறேன். பின்னாளில் வடமொழிப் பகுதியை மட்டும் படித்தவர்களுக்கும், ஆங்கில எழுத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கும், மாறனும் மாரனும் ஒருவராகிவிட்டனர். உங்கள் கைப்பேசியில் வந்த 'காதற்கடவுள்' அந்த வழியாக வந்தவன்தான்.

சொற்பிறப்பைப் பொறுத்தவரை, 'மாறு' என்னும் தமிழ் வேரிலிருந்தே தொடங்க வேண்டும். அவ்வேர் மிக அகன்றது. ஒன்று வேறொன்றாதல், ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறுதல், எதிர்நிற்றல், பகைத்தல் என்று அதன் பொருள்கள் விரிகின்றன. பண்டமாற்றில் இருப்பது கொடுத்துப் பெறுதல். "மாற்றான் வலியும்" என்னும் குறளில் இருப்பது பகை. சங்கப் பாட்டில் 'மாறே' என்று வந்தால் அது காரணத்தைக் குறிக்கும் இடைச்சொல். பருத்திமாறு, விளக்குமாறு என்பவற்றில் வரும் மாறு, குச்சியையும் குச்சிக்கட்டையும் குறிப்பது. பள்ளிக்கூடத்தில் இந்தக் கடைசிப் பொருளை வைத்துப் பிள்ளையைக் கேலி செய்ய ஒருவனாவது வருவான், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். ஆனால் 'வருமாறு', 'செய்யுமாறு' என்பவற்றில் உள்ளது இந்த மாறு அன்று. வரும் ஆறு, செய்யும் ஆறு, அதாவது வழி அல்லது முறை என்று அவற்றைப் பிரிக்க வேண்டும்.

இப்பொருள்களுள் அரசனின் பெயருக்குப் பொருந்துவது எதிர்நிற்றல்தான். பகைவருக்கு எதிர்நின்று பொருதுபவன் மாறன் என்பது நேரிய விளக்கம். செழுமையால் செழியன் என்று அக்குடியின் மற்றொரு பெயரும் பண்பை ஒட்டி அமைந்திருப்பது இதற்கு வலுவூட்டும். 'வீரன்' என்று பட்டியல் கூறியது, சுற்றிவளைத்தேனும், இந்த இடத்துக்கு அருகில்தான் வந்து நிற்கிறது. மறம் என்பதே நீண்டு மாறன் ஆயிற்று என்று சிலர் எழுதுகின்றனர். அதை நான் ஏற்கவில்லை. முதனிலை நீண்டு பெயராவது படு பாடாவதும், சுடு சூடாவதும், பெறு பேறாவதும் போல வினையடியில் நிகழ்வது. மறம் அவ்வாறான வினையடி அன்று. ஒருவர் மாற்றி ஒருவர் பட்டம் பூண்டதால் மாறன் என்ற பெயர் வந்தது என்று சொல்வதும் காலமுறைக்கு ஒவ்வாது. அப்பட்டவரிசை தொடங்குவதற்கு முன்பே புறநானூற்றுப் புலவர்கள் 'மாற' என்று விளித்துவிட்டார்கள்.

வைணவப் பெயர் என்று கூறுவோர் நம்மாழ்வாரை நினைத்துச் சொல்கிறார்கள். திருக்குருகூரில், இன்றைய ஆழ்வார்திருநகரியில், காரி என்பவருக்குப் பிறந்த அவருக்கு மாறன் என்று பெயர். பிறந்த குழந்தை பாலுண்ணாமலும் அழாமலும் உலக இயல்புக்கு மாறாக இருந்ததால் அப்பெயர் இடப்பட்டது என்று வைணவ மரபு கூறும். அது பக்தியில் விளைந்த விளக்கம். அதற்குரிய மதிப்போடு அதை வைத்துக்கொள்ளலாம். பெயர் வரலாற்றைத் தேடுபவனின் கண்ணுக்குப் படுவது வேறு. ஆனைமலைக் கல்வெட்டில் மாறன் மகன் காரியைக் கண்டோம். குருகூரில் காரி மகன் மாறனைக் காண்கிறோம். இருவரும் ஒரே குடும்பத்தார் என்று நிறுவ முயன்ற அறிஞர்களும் உண்டு. அந்த வாதத்துக்குள் நாம் போக வேண்டியதில்லை. பாண்டிய நாட்டில் தன் காலத்தில் பெருவழக்காக இருந்த ஒரு பெயரைத்தான் ஆழ்வாரும் பெற்றார் என்பதற்கு இவ்வளவே போதும். திருவாய்மொழியில் அவரே தம் பெயரை வைத்துச் சொல்விளையாட்டு நடத்துவதைப் பாருங்கள்:

மாரி மாறாத தண்ணம்மலை வேங்கடத்து அண்ணலை
வாரி மாறாத பைம்பூம் பொழில்சூழ் குருகூர்நகர்
காரி மாறன் சடகோபன் சொல்லாயிரத்து இப்பத்தால்
வேரி மாறாத பூமேல் இருப்பாள் வினைதீர்க்குமே.

மழை மாறாத மலை, நீர்வளம் மாறாத ஊர், மணம் மாறாத மலர் என்று மூன்று அடிகளில் 'மாறாத' வருகிறது. அந்த இடத்தில், மூன்றாம் அடியில் மட்டும், மாறன் வந்து நிற்கிறான். மாரி, வாரி, காரி, வேரி என்னும் இடையின ரகரங்களும் மாறாத, மாறன் என்னும் வல்லின றகரங்களும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து நின்று, இரண்டும் வேறு என்பதைக் காதுக்கும் கண்ணுக்கும் ஒருசேரக் காட்டுகின்றன. சித்தப்பாவிடம் நீங்கள் வாதாட வேண்டாம். இப்பாட்டை அவரிடம் காட்டினால் போதும்.

சைவக் குடும்பம் என்ற தயக்கத்துக்கும் இடமில்லை. அறுபத்துமூவருள் ஒருவரே நெடுமாறர். திருஞானசம்பந்தரால் சைவத்துக்குத் திரும்பிய பாண்டிய மன்னரான அவரை, சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் "நெல்வேலி வென்ற நின்றசீர் நெடுமாறன் அடியார்க்கும் அடியேன்" என்று வணங்குகிறார். இரு சமயத்தாரும் கைகூப்பும் பெயராக இது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவருகிறது. மாறன் அகப்பொருள், மாறன் அலங்காரம் என்று திருக்குருகைப் பெருமாள் கவிராயர் இலக்கண நூல்களுக்கே இப்பெயரைச் சூட்டினார். இடைக்காலத்தில் மக்கள் வழக்கில் சற்றுப் பின்வாங்கியிருந்த இத்தகைய பெயர்கள், கடந்த நூற்றாண்டின் தனித்தமிழ் உணர்வாலும் திராவிட இயக்கத்தாலும் மீண்டும் வீடுகளுக்குள் வந்தன. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும், தியாகசுந்தரம் முரசொலி மாறன் ஆனதும் அக்காலத்தில்தான். அதனால் சிலர் இதைக் கட்சிப் பெயராக எண்ணலாம். கட்சிகளுக்கெல்லாம் மூத்த பெயர் இது.

உங்கள் மாமியாரின் அச்சத்தை நான் ஏளனமாகக் கருதவில்லை. பெயரைக் கேட்டதும் அதன் வேர் மனத்தில் ஒலிப்பது, மொழியோடு வாழ்கிறவர்களுக்கு இயல்பே. ஆனால் 'மாறு' என்பதற்கு நிலைமாறுதல் ஒன்றே பொருள் அன்று என்பதை மேலே கண்டோம். மேலும், அவர் பேரனை வாய்நிறைய 'மாறா' என்று அழைக்கும்போது இன்னொரு நயமும் கிடைக்கிறது. 'மாறா அன்பு', 'மாறா உறுதி' என்று சொல்லும்போது நிற்கிற 'மாறா', மாறாத என்று பொருள்படும் எதிர்மறைப் பெயரெச்சம். விளியும் எதிர்மறையும் ஒரே வடிவில் வந்துவிடுவதால், பெயரைக் கூப்பிடுந்தோறும் 'மாறாதவனே' என்பதும் சேர்ந்தே ஒலிக்கும். இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். இலக்கண விளக்கத்தைவிட இது அவருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

தனியே 'மாறன்' போதுமா, அடைமொழி சேர்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் என் கருத்தைச் சொல்கிறேன். நன்மாறன், நெடுமாறன், இளமாறன் ஆகியவை இலக்கண அமைதியும் ஓசையும் கூடியவை. நன்மாறனுக்குச் சங்கச் சான்றும் உண்டு. நல் என்பதன் லகரம் மகரத்தின் முன் னகரமாகத் திரிந்து நன்மாறன் ஆயிற்று. எனவே 'நல்மாறன்' என்று எழுத வேண்டாம். இன்று எந்தச் சொல்லோடும் மாறனை ஒட்டிப் புதுப்பெயர் ஆக்குகிறார்கள். அப்படி ஒட்டும்போது சொல்லிப் பார்த்து ஒட்டுங்கள். 'அன்புமாறன்', 'சொல்மாறன்' போன்றவை அன்பு மாறியவன், சொல் மாறியவன் என்றும் பொருள்பட்டுவிடும். உங்கள் மாமியார் அஞ்சியது அங்கேதான் நேரும்.

எழுதும் முறையில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஆங்கில எழுத்தில் எம்முக்குப் பின் ஒரே ஓர் ஏ இட்டால், வடநாட்டவர் அதை 'மரண்' என்று படிப்பார்கள். இந்தியில் அது சாவைக் குறிக்கும் சொல். ஆகையால் முதலில் இரண்டு ஏ இட்டு எழுதுவது நல்லது. பிறப்புச் சான்றிதழில் எப்படி எழுதுகிறீர்களோ அப்படியே ஆதாரிலும் பள்ளிச் சேர்க்கையிலும் கடவுச்சீட்டிலும் எழுதுங்கள். பெயரில்லாமல் பிறப்பைப் பதிவு செய்திருந்தால், பதிவு செய்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பின் தாமதக் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும். விண்ணப்பத்தில் தமிழிலும் பெயரை எழுதி, 'வல்லின ற' என்று வாய்விட்டும் சொல்லுங்கள். சான்றிதழைக் கையில் வாங்கியதும், அங்கிருந்து நகர்வதற்கு முன், தமிழ்ப் பகுதியில் நடுவெழுத்து றகரமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அந்த ஓரெழுத்து தவறி அச்சானால், சித்தப்பா சொன்னது சரியாகிவிடும்.